ஒரு மடக்கும் விழுங்காதவர்

மூன்றாவது பீப்பாயிலிருந்து ஒரு மடக்கு உறிஞ்சிக்கொண்டு தனிஸ்லாஸ் கண்ணை மூடுகிறார். வலக் கன்னம் உப்புகிறது, இடக் கன்னம் உப்புகிறது, பல்லிடுக்கு வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கிறது. பிறகு காலடியில் இருக்கும் மரத்தொட்டியில் துப்பிவிட்டு, "இது வெயில்ல கெட்டுப் போச்சு முசே, காடிக்குத்தான் ஆவும்" என்கிறார். கிடங்கின் பிரெஞ்சு முதலாளி மறுபேச்சில்லாமல் பீப்பாயின்மேல் சுண்ணாம்புக் கட்டியால் குறுக்கே கோடு போடுகிறார். அடுத்த பீப்பாய்.

கப்பலில் வந்து இறங்கும் ஒயினில் எது துரைமார் மேஜைக்குப் போகலாம், எது வழியிலேயே புளித்துவிட்டது என்று சொல்வது அவருடைய உத்தியோகம். பெரிய யுத்தம் முடிந்த வருஷம் சேர்ந்தார், பதினேழு வருஷமாகிறது. கப்பல் வந்த வாரத்தில் நாளைக்கு நாற்பது மடக்கு வாய்க்குள் போய் வெளியே வரும். ஒன்றுகூடத் தொண்டைக்குள் இறங்கியதில்லை. பக்கத்துக் கட்டடத்தில் சுங்கக் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டுகிற நான் இதை எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன். சொன்னால் யார் நம்புகிறார்கள்? "வாயில ஊத்திக்கிட்டுத் துப்புறாராமே, எந்த ஊருக் கதை இது?" என்று சாரம் கிராமத்தில் அவர் குடியிருக்கும் தெருவே சிரிக்கிறது.

அந்தச் சிரிப்புத்தான் அவருக்கு ஆகாது. அவருடைய அப்பா சாராயத்தில் போனவர். அவரைத் தெருவிலிருந்து தூக்கிக்கொண்டு வருவது சிறு வயதில் தனிஸ்லாஸின் அன்றாட வேலை. கிடங்கில் சேர்ந்த அன்று மனைவி ரோசா அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போய், ஒரு மடக்கும் விழுங்கமாட்டேன் என்று மாதா முன்னால் சத்தியம் வாங்கினார். சத்தியத்தைக் காப்பாற்றுவதில் அவருக்குக் கஷ்டமில்லை. வாயில் தங்கும் வாடையை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கிராம்பு மென்று பார்த்தார். "குடிச்சவன்தான் கிராம்பு மெல்லுவான் தம்பி. நாமளே தண்டோரா போட்ட மாதிரி ஆயிடுது" என்று அதை விட்டுவிட்டார்.

அதனால் செங்கல் பொடி. செங்கல்லை இடித்து, வேட்டித் துணியில் சலித்து, உப்பைச் சேர்த்துக் கிடங்கிலேயே வைத்திருந்தார். மத்தியானம் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, துப்பிய கையோடு கிணற்றடிக்குப் போய் ஈறு சிவக்கத் தேய்ப்பார். "ஒயினு பல்லைத் தின்னுது தம்பி. அதான் உடனே சுரண்டி எடுத்துடறேன்" என்பார். இத்தனை சுத்தமான மனிதரா என்று நானும் மெச்சிக்கொண்டுதான் இருந்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

இப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. மேல்வரிசை முன்பற்கள் பாதியாகக் குட்டையாகிவிட்டன. நுனி மெலிந்து, வெளிச்சம் பட்டால் ஊடே தெரிகிறது. கடைவாயில் வெள்ளை போய் மஞ்சள் மஞ்சளாகக் குழிகள். பானைத் தண்ணீர் பட்டால் உச்சந்தலைவரை கூசுகிறதென்று சித்திரை வெயிலிலும் வெந்நீர்தான் குடிக்கிறார். முறுக்கை ஊறவைத்துத் தின்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ரோசா அம்மாள் தலையில் அடித்துக்கொள்கிறார்: "ஊருல எல்லாரும் குடிச்சிக் கெட்டாங்க. இவரு துப்பியே கெட்டாரு."

போன மாதம் சைகோன் கப்பலில் போகிற பிரெஞ்சுப் பல் வைத்தியர் ஒருவர் ஒயின் வாங்கக் கிடங்குக்கு வந்தார். காற்றை இழுக்கும்போது தனிஸ்லாஸ் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, ஜன்னலோரம் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார். செங்கல் பொடிக் கதையைக் கேட்டதும் மனிதருக்குக் கோபமே வந்துவிட்டது. புளிப்புப் பட்டால் பல்லின் மேல்பூச்சு இளகிவிடுமாம். எச்சில் ஊறித்தான் அது மறுபடி இறுக வேண்டும். அதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் செங்கல் பொடியால் தேய்ப்பது, ஈரம் காயாத சுண்ணாம்புச் சுவரைத் துடைப்பத்தால் பெருக்குவதுபோல. துப்பியதும் வெறும் தண்ணீரில் கொப்பளி, ஒரு மணி நேரம் பல்லில் விரலை வைக்காதே, செங்கல்லை இனிமேல் தொடவே தொடாதே என்றார். தேய்ந்தது வளராது, இப்படியே போனால் இரண்டு வருஷத்தில் ஈறுதான் மிச்சம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

"ஒயினு கொஞ்சம் தின்னுது. மீதிய நானே தின்னுட்டேன் தம்பி" என்றார் தனிஸ்லாஸ். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அந்த ஒரு மணி நேரத்தை எங்கே கழிப்பது? வாடையோடு தெருவுக்குள் நுழைய அவருக்கு மனம் வரவில்லை. கடலுக்குள் நீளும் கப்பல் பாலத்துக்குப் பக்கத்தில் மணலில் உட்கார ஆரம்பித்தார். பேச்சுத் துணைக்கு நான். தெரிந்தவர் யாராவது வந்தால் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார். நேரம் ஆனதும் உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, மெல்லிய துணியால் பல்லைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். பத்தே நாளில் தெரு வேறு கதை கட்டிவிட்டது: தனிஸ்லாஸ் இப்போது கடற்கரையில் உட்கார்ந்து குடிக்கிறாராம்.

இதே சமயத்தில்தான் மகள் புஷ்பமேரிக்கு நெல்லித்தோப்பிலிருந்து வரன் வந்தது. பையன் தங்கமானவன், புஷ்பமேரிக்கும் பிடித்துவிட்டது. பையனின் அப்பா சூசை, பஞ்சாலை மேஸ்திரி. "குடிகாரன் வூட்டுல சம்மந்தம் வேணாம்" என்று தரகரிடம் முதல் நாளே சொல்லி அனுப்பியவர். வருகிற ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிப்பதாக ஏற்பாடு.

நேற்று, செவ்வாய்க்கிழமை, நாங்கள் உட்கார்ந்து கால் மணிகூட ஆகவில்லை. ரஸ்தாவிலிருந்து ஒருவர் மணலில் இறங்கி நேராக எங்களிடம் வந்தார். சூசை.

நான் தனிஸ்லாஸ் பக்கம் சாய்ந்தேன். "அண்ணே, வாயைப் பொத்திக்குங்க. பல்வலின்னு நான் சொல்லிக்கிறேன்" என்றேன். தனிஸ்லாஸின் கை துண்டுவரை போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.

சூசை உட்காரவில்லை. "தினம் இந்த நேரத்துல இங்கதான் இருக்கீங்கன்னு சொன்னாங்க. மனசு கேக்கல. நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"நல்லதாப் போச்சு. கிட்ட வாங்க சூசையண்ணே" என்றார் தனிஸ்லாஸ். "வாடை அடிக்கும். அது நான் செய்யற வேலை. விழுங்குனவனுக்குப் பல்லு இப்பிடி ஆவாது, வாயில வெச்சுக் கொப்பளிச்சுத் துப்புறவனுக்குத்தான் ஆவும். பாத்துட்டு, அப்புறம் ஓலையைப் பத்திப் பேசுங்க."

அவர் எழுந்தார். கடற்காற்று முதுகில் அடிக்கும்படி திரும்பி நின்றுகொண்டு, வாயை அகலத் திறந்து, சூசையின் மூக்குக்கு நேராகக் கொண்டுபோனார்.