ஆர்டித் மலை இறங்கிய கதை

நெப்ராஸ்காவில் எங்கள் ஊரைச் சுற்றி மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். அங்கே ஆயுசு முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டிய பெண்மணி ஆர்டித் கோல்ட்டர்மன். நாங்களெல்லாம் அவருடைய அதட்டலில் வளர்ந்தவர்கள்.

ஓய்வு பெற்றதும் பழைய வேன் ஒன்றில் கட்டிலும் அடுப்பும் பொருத்திக்கொண்டு, தேசியப் பூங்காக்களைப் பார்க்கக் கிளம்பினார். துணைக்கு அண்ணன் மனைவி லுவெல்லா. ஒரே வாரத்தில் சண்டை போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள் என்று காபிக்கடையில் பேசிக்கொண்டோம்.

சண்டை நடந்தது, திரும்பத்தான் இல்லை. பேட்லண்ட்ஸின் மொட்டைக் குன்றுகளைப் பார்த்து, இந்த மண்ணில் என்ன விளையும் என்று லுவெல்லா நாள் முழுக்கக் கவலைப்பட்டாராம். யெல்லோஸ்டோனில் காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்தபோது, ஆர்டித் ஜன்னலை இறக்கி, வரிசையாகப் போகச் சொல்லி அவற்றையும் அதட்டியிருக்கிறார்.

வினை கிளேசியர் பூங்காவில் காத்திருந்தது. வேன் நீளம் அதிகம் என்று மலைச்சாலையில் விடவில்லை. பூங்காவின் சிற்றுந்தில் ஏறினார்கள். ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் அதலபாதாளம். இன்னொருவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து பழக்கமில்லாத ஆர்டித், கண்ணை இறுக மூடிக்கொண்டு, இல்லாத பிரேக்கை வழியெல்லாம் மிதித்தார்.

உச்சியில் ஜூலை மாதத்திலும் பனி கிடந்தது. பனிக்கு நடுவே மஞ்சள் பூக்கள். வெள்ளை மலையாடு ஒன்று குட்டியோடு பக்கத்திலேயே மேய்ந்தது. ஆர்டித் சொக்கிப்போனார். ஆனால் இறங்கும் நேரம் வந்ததும் கால் நகரவில்லை. ஒவ்வொரு வண்டியாகப் போய்க்கொண்டிருந்தது.

"இங்கயே குடித்தனம் பண்றதா உத்தேசமா? சாண்ட்விச்சும் தீந்துபோச்சு" என்றார் லுவெல்லா.

"நீங்க போங்க அண்ணி. நான் நடந்தே வர்றேன்."

காலையில் அவர்களை ஏற்றிவந்த ஓட்டுநர் வெண்டெல் மறுபடி வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு ஆர்டித்திடம் வந்தார்.

"வரும்போது நீங்க பிரேக் மிதிச்சதைக் கண்ணாடியில பாத்தேங்க. எல்லாம் சரியான எடத்துலதான் மிதிச்சீங்க. முன்சீட்ல உக்காந்து, நீங்க ஓட்டினா எப்படி எறக்குவீங்கன்னு வாயால சொல்லிட்டே வாங்க."

ஆர்டித் தயங்கித் தயங்கி ஏறினார். முதல் வளைவில் குரல் நடுங்கியது. அடுத்ததில் கியரைக் குறைக்கச் சொன்னார். அதற்கடுத்து, எதிரே வரும் காருக்கு ஒதுங்கச் சொன்னார். பாதி மலையில், பின்னால் எழுந்து நின்று படம் எடுத்த ஒருவரை, "ஏய், உக்காரு" என்று அதட்டியதில் வண்டியே சிரித்தது. பள்ளத்தாக்கில் அருவி விழுவதை அப்போதுதான் அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

கீழே இறங்கியதும் வெண்டெல், அடுத்த கோடைக்கு ஓட்டுநர்கள் தேவைப்படுகிறார்கள் என்றார். ஆர்டித் சிரித்து மழுப்பினாலும், குளிர்காலத்திலேயே விண்ணப்பம் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு கோடைதோறும் அந்த மலையில்தான் வேலை. சீசன் முடிந்ததும் லுவெல்லா ரயிலேறிப் போய்ச் சேர்ந்துகொள்வார்; இருவரும் புதிதாக ஒரு பூங்காவுக்குக் கிளம்புவார்கள். போன முறை ஒலிம்பிக் பூங்காவின் மழைக்காட்டில், மெத்தை போன்ற பாசியில் படுத்த லுவெல்லா எழுந்திருக்க மறுத்துவிட்டாராம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆர்டித்தும் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.