அம்மா போனை வைக்கவில்லை

சாயப்பட்டறையில் அவளை எல்லோரும் ஷேடக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துணியின் நிறம், அவர்கள் பேச்சில் ஷேடு, சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. சாயம் ஏறி வந்த துணியில் ஒரு துண்டை வெட்டி அவள் மேஜைக்குக் கொண்டு வருவார்கள். மேஜை மேல், உட்புறம் சாம்பல் நிறம் பூசிய ஒரு பெட்டி, அதற்குள் மூன்று விளக்கு. வாங்குகிறவர்கள் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டைப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒன்று, வீட்டு மஞ்சள் பல்புக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பாள். "சிவப்பு அடிக்குது" என்று அவள் சொல்லிவிட்டால் அவ்வளவுதான், நானூறு கிலோ துணியும் மறுபடி சாயத்துக்குப் போக வேண்டும். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க மேனேஜர் ஓடி வருவார். உற்று உற்றுப் பார்ப்பார். அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனாலும், "ஷேடக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார். பதினான்கு வருஷத்தில் அங்கே ஒருத்தர்கூட அவளிடம் "உனக்குத்தான் அப்படித் தெரியுது" என்று சொன்னதில்லை.

அந்தக் கொடுப்பினை எல்லாம் பட்டறை வாசலோடு சரி. வீட்டில் அவள் பெயர் அழுமூஞ்சி.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சட்டைக் காலரில் தைத்த லேபிள் குத்துகிறது என்று அழுவாள். மிக்ஸி ஓடினால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். விருந்தாளி வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போன பிறகு, "மாமா ஏன் நம்ம மேல கோவமா இருக்காங்க?" என்று கேட்பாள். "வாயை மூடு, உனக்குத்தான் எல்லாம் அப்படித் தோணும்" என்று தலையில் ஒரு குட்டு விழும். மறுவாரமே அந்த மாமா சண்டை பிடித்துக்கொண்டு உறவை முறித்துக்கொள்வார். அப்போது யாருக்காவது ஞாபகம் வந்ததா, இந்தப் பெண் முன்னாடியே சொன்னாளே என்று? குட்டு மட்டும் மிச்சம்.

நாளாவட்டத்தில் வீட்டில் ஒரு வழக்கமே வந்துவிட்டது. கெட்ட செய்தி என்றால் அவளிடம் சொல்லக் கூடாது. "அவ தாங்க மாட்டா." வளர்த்த நாய் செத்தபோது, வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். அப்பா போனபோதுகூட, "லேசா உடம்பு முடியலை, கிளம்பி வா" என்றுதான் அண்ணன் சொன்னான். வாசலில் இறைந்து கிடந்த செருப்புகளைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள். எல்லாம் பாசத்தில்தான் செய்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாசத்தைத் தூக்கிக் குப்பையில்தான் போட வேண்டும்.

அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். பஸ்ஸில் அரை நாள் தூரம். ஷேடக்கா தினமும் வேலை முடிந்து, சாயங்காலம் போன் பண்ணுவாள். ஐந்து நிமிஷம் பேசியதுமே அம்மா பறப்பாள். "சரி வை வை, அடுப்புல பால் இருக்கு" என்று டக்கென்று வைத்துவிடுவாள். காலையோ மாலையோ, எப்போது கூப்பிட்டாலும் அந்த அடுப்பில் பால் இருக்கும். "உங்கம்மா மாட்டுப் பண்ணை ஏதாவது வச்சிருக்காங்களா?" என்று அவள் புருஷன் கேலி பண்ணுவான்.

திடீரென்று அந்தப் போன் மாறியது. சாயங்காலம் கூப்பிட்டால் எடுப்பதில்லை. காலை பதினோரு மணிக்கு அண்ணனே கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு அம்மாவிடம் கொடுத்தான். அம்மா நன்றாகத்தான் பேசினாள். பேரனைப் பற்றிச் சொன்னாள், மழையைப் பற்றிச் சொன்னாள். எல்லாம் பேசி முடித்த பிறகும் அவள் போனை வைக்கவில்லை. பேச்சும் இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில் ஷேடக்காதான் "வைக்கட்டுமாம்மா?" என்று கேட்டு வைத்தாள். மறுநாளும் அப்படியே. அடுப்பில் பாலைக் காணோம்.

அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அண்ணா, அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. வயித்துல கொஞ்சம் வாயு. மாத்திரை சாப்பிடுறா."

"இல்ல, அம்மா போனை வைக்க மாட்டேங்கறா."

"கேட்டியா கதையை! வச்சா ஏன் வச்சேன்னு அழுவே, வைக்கலைன்னா அதுக்கும் அழுவியா? உனக்கு எப்பவும் இப்படித்தான் தோணும்."

புருஷனிடம் கேட்டாள். "சும்மா மனசைப் போட்டு குழப்பிக்காதே" என்று அவன் டி.வி.யைப் பார்த்தபடியே சொன்னான். நேரில் போகிறேன் என்றாள். பையனுக்குப் பரீட்சை, பட்டறையில் லீவு கிடைக்காது, அடுத்த மாதம் சேர்ந்தே போகலாம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விளக்குப் பெட்டியின் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்ததில், ஒரு நாள் பச்சை அடிக்கிற நீலத்தைச் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். பதினான்கு வருஷத்தில் முதல் தப்பு. இது அண்ணன் காதுக்கும் போனது. "நல்ல கவுன்சிலிங் ஆளாப் பாரும்மா. இப்படியே விட்டா உனக்குத்தான் ஏதாவது ஆயிடும்" என்று அக்கறையாகச் சொன்னான். உண்மையைச் சரியாகப் பிடித்தவளை, அதை மறக்கடிக்க வைத்தியத்துக்கு அனுப்பினார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

கவுன்சிலிங் அம்மாவின் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருந்தது. நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிக்கொண்டு சளசளவென்று பேசுகிறவள், ஆனால் கேட்க வேண்டிய நேரத்தில் நன்றாகக் கேட்பாள். மூச்சை எப்படி மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடுவது என்று சொல்லிக் கொடுத்தாள். பயம் வந்தால், "இதுக்கு என்ன ஆதாரம்?" என்று உன்னையே கேட்டுக்கொள் என்றாள். ஷேடக்கா எதையும் ஒழுங்காகச் செய்கிறவள் ஆயிற்றே. தினமும் பதினோரு மணிக்கு அம்மாவின் மூச்சு காதில் கேட்கும்போதெல்லாம், ஆதாரம் இல்லை, அண்ணன் ஒன்றுமில்லை என்கிறான், புருஷன் ஒன்றுமில்லை என்கிறான், அப்படியானால் எனக்குத்தான் கோளாறு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அம்மாவிடம் எதுவுமே கேட்கவில்லை. "இப்பல்லாம் நான் யாரையும் தொந்தரவு பண்றதில்ல மேடம்" என்று ஐந்தாவது வாரம் பெருமையாகக்கூடச் சொன்னாள்.

அன்றைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "மேடம், அந்த டியூப்லைட் இரையுது. சீக்கிரம் போயிடும்" என்றாள்.

கவுன்சிலிங் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"அப்படியா மேடம்? அப்போ எனக்குத்தான் அப்படித் தோணுது."

அடுத்த வாரம் போனபோது அறை இருட்டாக இருந்தது. டியூப்லைட் போய்விட்டது. மேஜை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு கவுன்சிலிங் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஷேடக்காவைப் பார்த்ததும், "போன வாரம் நீங்க சொன்னது சரி. எனக்குக் கேக்கலைன்னதும் ஏன் உடனே மாத்திக்கிட்டீங்க?" என்றாள்.

ஷேடக்கா அணைந்து கிடந்த டியூப்லைட்டை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் உங்களுக்குத் தப்பான பாடம் எடுத்துட்டேம்மா. இல்லாததை நினைச்சுப் பயப்படுறவங்களுக்குச் சொல்ற பாடத்தை உங்களுக்குச் சொல்லிட்டேன். சில பேருக்குப் பிறவியிலேயே எல்லாம் கூடத் தெரியும், கூடக் கேக்கும், கூட வலிக்கும். அது நோய் இல்ல. தெரியறது வேற, அதைக் கண்டு பயப்படுறது வேற. பயம் தப்பாப் போகலாம். தெரியறதை ஏன் தூக்கிப் போடணும்? பட்டறையில ஒரு துண்டைப் பார்த்து எப்படி முடிவு பண்ணுவீங்க?"

"பக்கத்துல மாதிரித் துண்டை வச்சுப் பார்ப்பேன்."

"உங்க அம்மா போனுக்கு மாதிரித் துண்டு எது?"

யோசிக்கவே தேவையில்லை. நாற்பது வருஷத்து அம்மா. "எங்கம்மா எப்பவும் முதல்ல போனை வச்சிடுவாங்க மேடம். இப்ப ரெண்டு மாசமா வைக்கறதில்ல. சாயங்காலம் பேசறதில்ல. அண்ணன் இல்லாம பேசறதில்ல." சொல்லச் சொல்ல அவள் குரல் நடுங்கவில்லை. துணியைப் பற்றிப் பேசுகிற குரலாகவே இருந்தது. "இது அந்தத் துணி இல்ல மேடம்."

"சந்தேகம்னா பட்டறையில என்ன செய்வீங்க?"

"போட்டோ எடுத்து அனுப்பினா நம்ப மாட்டேன். நேர்ல போய்த் தொட்டுப் பார்ப்பேன்."

வீட்டுக்கு வந்தாள். புருஷன் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தான். "ஏங்க, நாளைக்குக் காலையில அம்மாவைப் பார்க்கப் போறேன்" என்றாள். மடித்துக்கொண்டிருந்த துண்டோடு அவன் கை அப்படியே நின்றது. அது போதும்.

"உங்களுக்கும் தெரியுமா?"

அவன் தரையைப் பார்த்தான். "வயித்துல கட்டி. முத்திப் போச்சாம். ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு மச்சான் சத்தியம் வாங்கிட்டார். நீ தாங்க மாட்டேன்னுதான்..."

"எத்தனை நாளா?"

"அறுபத்தாறு நாள்" என்றான். நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறான், பாவி.

மறுநாள் போய் இறங்கியதும் அண்ணன் வாசலிலேயே மறித்துக்கொண்டான். "வந்துட்டியா? சரி. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. வயித்துப் புண்ணுன்னுதான் சொல்லியிருக்கோம். நீ உள்ள போய் மூக்கைச் சிந்தினேன்னா பயத்துலயே போயிடுவா. சிரிச்ச முகமாப் போ. முடியாதுன்னா இங்கயே நில்லு."

அவள் நடைவழியில் நின்று மூச்சை இழுத்தாள். மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டாள். கற்றுக்கொண்ட வித்தை நன்றாகவே வேலை செய்தது. முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டிலில் பாதி அம்மாதான் இருந்தாள். மீதி எங்கேயோ கரைந்து போயிருந்தது. ஷேடக்கா சிரித்துக்கொண்டே, "என்னம்மா, சின்னப் பொண்ணு மாதிரி இளைச்சுப் போயிட்டே!" என்றாள்.

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள்.

"நீயுமாடி?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவ்வளவுதான். ஒட்டவைத்த சிரிப்பெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. கட்டில் விளிம்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, ஆறு வயதில் அழுத மாதிரி வாய்விட்டு அழுதாள். "ஏய், உனக்கு என்ன சொன்னேன்!" என்று அண்ணன் ஓடி வந்தான். அம்மா திரும்பாமலே, "நீ கதவைச் சாத்திட்டு வெளியே போடா" என்றாள். அந்தக் குரலில் பழைய அம்மா இருந்தாள்.

பிறகு மெதுவாகத் திரும்பி மகள் தலையில் கை வைத்தாள். "ரெண்டு மாசமா இந்த வீட்டுல எல்லாரும் சிரிக்கிறாங்கடி. உங்க அண்ணன் சிரிக்கிறான், அண்ணி சிரிக்கிறா, டாக்டரும் சிரிக்கிறார். எனக்குப் பயமா இருக்குன்னு யார்கிட்ட சொல்றது? உன் அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டுட்டு எதிர்லயே நிப்பான். நீ கண்டுபிடிச்சுடுவே, எம்பொண்ணுக்குத் தெரியாததான்னுதான் போனை வைக்காம காத்துக்கிட்டு இருந்தேன். தினமும் காத்துக்கிட்டு இருந்தேன். நீ கேக்கவே இல்லையேடி."

ஷேடக்காவுக்கு எழுந்து நின்று சுவரில் தலையை மோதிக்கொள்ளலாம் போல இருந்தது. தெரிந்தது அம்மா, முதல் நாளே தெரிந்தது, எனக்குத்தான் கோளாறு என்று நம்பித் தொலைத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

"எவ்வளவு நாள்னு சொன்னாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ரொம்ப இல்லம்மா."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றாள். அப்புறம் அம்மாவும் அழுதாள். இரண்டு பேரும் சேர்ந்தே அழுதார்கள்.

அதற்கப்புறம் கிடைத்தது நாலே நாள். அந்த நாலு நாளும் அம்மா பேச வேண்டியதை எல்லாம் பேசினாள். பயமாக இருந்தபோது பயமாக இருக்கிறது என்று சொன்னாள். வலித்தபோது வாய்விட்டுக் கத்தினாள். ஷேடக்கா தாங்கினாளா என்று கேட்டால், தாங்கவில்லைதான். சாப்பிடவில்லை, தூங்கவில்லை, அம்மாவின் ஒவ்வொரு முனகலும் அவள் உடம்பிலும் வலித்தது. ஆனால் அந்த நாற்காலியை விட்டு எழுந்து போகவில்லை. தாங்கக்கூடியவர்கள் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. "இவ வந்து சொல்லலைன்னா அம்மா இன்னும் ஒரு மாசம் இருந்திருப்பா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். இருந்திருப்பாளோ என்னவோ. ஷேடக்காவுக்கு அந்த ஒரு மாதக் கணக்கைப் பற்றிக் கவலை இல்லை. போனின் அந்தப் பக்கம் அம்மா மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு காத்திருந்த அறுபத்தாறு நாள்தான் அவளைத் தின்கிறது. பட்டறையில் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பதினோரு மணி ஆனால் இப்போதும் கை நின்றுவிடும். மேனேஜர் ஒன்றும் கேட்பதில்லை.

அந்த நாலு நாளில் கடைசி நாள் சாயங்காலம் அம்மாவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ முணுமுணுத்தாள். பிறகு சட்டென்று, எதற்கோ நேரமாகிவிட்ட மாதிரி, கையை விடுவித்துக்கொண்டாள்.

"சரி வை வை" என்றாள். "அடுப்புல பால் இருக்கு."

"சரிம்மா" என்றாள் ஷேடக்கா.