ஜெபக் குறிப்பில் ஊர்ப் பெயர் வரைக்கும் எழுதினேன்

எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் ஆளுக்கு ஓர் ஆத்துமா என்று முடிவானபோது, என் ஆத்துமாவை நான் அரை நிமிடத்தில் தேர்ந்தெடுத்துவிட்டேன். நாற்பது நாளைக்குள் கிறிஸ்துவை அறியாத ஒருவரிடம் கடவுளின் அன்பைச் சொல்லி முடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மற்றவர்கள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தம்பி நெடுநேரம் யோசித்துத் தன் ஹாஸ்டல் வார்டனை எழுதினான். நான் யோசிக்கவே இல்லை. எனக்கு அக்கா இருந்தார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருவருக்கும் வேலை. நான் மைக்ரோபயாலஜி படித்துவிட்டு, கிருமிகளைத் தேடிப் போக வேண்டியவள், வருகிறவர்களின் சர்க்கரை அளவைக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தேன். அக்கா ரத்தம் எடுப்பவர். சின்னாளபட்டி நெசவுக் குடும்பத்து மருமகள். வீட்டில் மாமனார் இன்னமும் தறியில் உட்காருகிறார். சாயங்காலம் இருவருக்கும் ஒரே பேருந்து. நான் அவருக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்குவேன்.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. ஊசிக்குப் பயந்தவர்களிடம் எல்லாரும் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்பார்கள். அக்கா சொல்ல மாட்டார். "எறும்பு என்ன இம்புட்டு நீள ஊசியோடயா வருது? வலிக்கும். ரெண்டு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும். அங்கிட்டுப் பாருங்க" என்பார். அவர்களும் அங்கிட்டுப் பார்ப்பார்கள். முடிந்துவிடும்.

இப்படிப்பட்டவரிடம் நேரடியாகவே சொல்லிவிடலாம் என்று மறுநாள் மதியச் சாப்பாட்டில் தொடங்கினேன்.

"அக்கா, ஒங்ககிட்ட ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும். கடவுள் ஒங்கள ரொம்ப நேசிக்கிறாரு."

அக்கா தயிர்ச்சோற்றை விழுங்கினார். "அப்படியா? சந்தோஷம்."

"அம்புட்டுதானா?"

"பின்ன என்னடி? பதிலுக்கு நானும் நேசிக்கிறேன்னு எழுதிக் குடுக்கவா? பழனியில இருக்கவருக்கும் என் மேல பாசந்தான். எங்க குலசாமிக்கும் பாசந்தான். எல்லாருக்கும் பாசந்தான். அந்த வெஞ்சனத்த இங்கிட்டுத் தள்ளு."

கத்தரிக்காய்ப் பொரியலைத் தள்ளினேன். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. என் குறிப்பேட்டில் எட்டு எதிர்க்கேள்விகளும் எட்டுப் பதில்களும் இருந்தன. கடவுள் இருக்கிறாரா என்று கேட்டால் பதில் உண்டு. உலகத்தில் ஏன் இவ்வளவு துன்பம் என்று கேட்டால் பதில் உண்டு. சந்தோஷம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

சனிக்கிழமை கூட்டத்தில் இதை முறையிட்டேன். எங்களுக்கு வகுப்பு எடுக்கும் அண்ணன் வங்கியில் வேலை செய்பவர், நிதானமானவர். அவர் சொன்னார்: "இயேசு அனுப்புன முதல் அப்போஸ்தலர்கள் ஜனக்கூட்டத்தப் பாத்துப் பேசுன பேச்ச எல்லாம் எடுத்துப் பாரு. ஒருத்தரும் எழுந்து நின்னு 'கடவுள் ஒங்கள நேசிக்கிறாரு'ன்னு ஆரம்பிக்கல. கடவுள் என்ன செஞ்சாரு, நீங்க என்ன செஞ்சீங்க, இப்ப என்ன செய்யணும். இதான். நோய் இன்னதுன்னு சொல்லாம மருந்து இனிப்பா இருக்கும்னு மட்டும் சொன்னா யாரு வாங்கிக் குடிப்பா?"

பரிசோதனை நிலையத்துக்காரிக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்குமா? அப்படியே எழுதிக்கொண்டேன். அண்ணன் அதோடு நிறுத்தவில்லை. "ஆனா அதச் சொல்றப்ப சொல்றவங்க கண்ணுல தண்ணி இருக்கணும்" என்று இன்னொன்றும் சொன்னார். அந்த நேரம் பார்த்து டீ வந்துவிட்டதால் அதை நான் எழுதிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை பேருந்தில் இரண்டாம் முறை தொடங்கினேன்.

"அக்கா, மனுசங்க எல்லாருமே பாவிங்க."

"யாரு?"

"எல்லாரும்."

"நானுமா?"

"நீங்களுந்தான்."

அக்கா என் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். "ஏ பாப்பா, காலைல நாலரைக்கு எந்திரிச்சு, ரெண்டு புள்ளைக்குச் சோறாக்கி, மாமியாருக்கு வெந்நி வச்சு, மாமனாருக்குத் தறிக்கிட்டயே காப்பி கொண்டு போயிக் குடுத்து, தல கூடச் சரியா வாராம ஓடி வந்து பஸ்ஸப் புடிக்கிறேன். பாவம் பண்ண எனக்கு நேரம் எங்கடி இருக்கு?"

முன் இருக்கையில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா திரும்பிப் பார்த்து, "நல்லாக் கேளுத்தா" என்றார்.

நான் குறிப்பேட்டை மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். அக்கா சன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். பூக்கார அம்மா இறங்கிப் போன பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒரு வார்த்த பேசிட்டேன். அத வேணா பாவம்னு வச்சுக்க."

அவருடைய கணவர் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டியில் வேலை பார்க்கிறார், வாரம் ஒருமுறைதான் வருகிறார் என்று நாங்கள் எல்லாரும் நம்பியிருந்தோம். மண்டியும் இல்லை, வாரமும் இல்லை. நாத்தனாரைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை அதிகமாகப் பேசப்போய், மனிதர் இரண்டு கைலியைப் பையில் வைத்துக்கொண்டு அந்த நாத்தனார் வீட்டுக்கே போய்விட்டார். மூன்று மாதம் ஆகிறது. மாமனாரும் மாமியாரும் மகன் பக்கம் போகாமல் மருமகள் பக்கமே இருக்கிறார்கள். மகனுக்கு அதில் இன்னும் கோபம். நாத்தனாரின் ஊரை இங்கே மாற்றித்தான் எழுதுகிறேன், ஒரு முறை பட்டது போதும். சேவுகம்பட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"யார்ட்டயும் சொல்லிராத பாப்பா. லேபுல தெரிஞ்சா அசிங்கமாப் போயிரும்."

"சொல்லவே மாட்டேங்க்கா."

மனதாரத்தான் சொன்னேன். அந்த வாரம் சனிக்கிழமை வரை யாரிடமும் சொல்லவும் இல்லை.

எங்கள் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் ஆத்துமாவுக்கான ஜெபக் குறிப்பை ஓர் அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணன் அதை வாசிப்பார், எல்லாரும் ஜெபிப்போம், பிறகு அது வாட்ஸ்அப் குழுவில் போகும். எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கண்ணைத் திறந்துகொண்டு சொன்னால் புறணி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் அடுத்தவர் ஆத்துமாவுக்காகச் சுமக்கும் பாரம். நான் பாரத்தோடு எழுதினேன். அக்கா எங்கே வேலை செய்கிறார், கணவர் பிரிந்து போய் எத்தனை மாதம், காரணம் யார், இப்போது எந்த ஊரில் இருக்கிறார். கடவுளுக்கு வழி தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேனோ என்னவோ, ஊர்ப் பெயர் வரைக்கும் எழுதினேன். அட்டையை வாசித்தபோது கூட்டத்தில் "ஐயோ" என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஹாஸ்டல் வார்டனுக்கு வெறும் மூலநோய்தான். என் ஆத்துமாவுக்கு எவ்வளவு பெரிய கஷ்டம்! எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

புதன்கிழமை காலையில் எங்கள் சபையின் ஆன்ட்டி ஒருவர் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்தார். அவருடைய மகள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறாள். ஆன்ட்டி பாடகர் குழுவில் முப்பது வருடமாக முதல் வரிசையில் நின்று பாடுகிறவர். மெதுவாகப் பேசினாலே கடைசி பெஞ்சுக்குக் கேட்கும். அக்கா அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டியபோது, ஆன்ட்டி மற்றக் கையால் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானம்மா அது? கவலப்படாதீங்க. ஒங்க வீட்டுக்காரர் சீக்கிரம் திரும்பி வந்துருவாரு. நாங்க எல்லாரும் ஒங்களுக்காக அழுது ஜெபிக்கிறோம். கடவுள் ஒங்கள அவ்வளவு நேசிக்கிறாரும்மா."

நல்ல மனுஷி. உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. டோக்கன் வாங்கிக் காத்திருந்த பன்னிரண்டு பேரும், வரவேற்பு மேசைப் பெண்ணும், நானும் கேட்டோம். வரவேற்புப் பெண் கேட்டாள்: "அக்கா, ஒட்டன்சத்திரத்துல இருந்தா திரும்பி வராரு?"

அக்கா ஊசியை எடுத்தார். ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தார். பஞ்சை வைத்தார். "அமுக்கிப் புடிச்சுக்கங்க" என்றார். பிறகு கண்ணாடித் தடுப்பு வழியாக என்னைப் பார்த்தார். நான் கணினித் திரையில் யாருடைய கிரியாட்டினினையோ உற்றுப் பார்த்தேன்.

அதன்பிறகு நாலு நாள் பேச்சு இல்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு குழாயும் ஒரு செய்தியோடுதான் என் மேசைக்கு வரும். இந்த ஆளுக்கு நரம்பே அகப்படல, அந்த அம்மா ஊசியப் பாத்ததும் மருமகளத் திட்டுது என்று. இப்போது குழாய்கள் மட்டும் வந்தன. சாயங்காலம் அவர் முன் பேருந்திலேயே போய்விட்டார். அந்த வாரச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். தலைவலி இல்லை. அவர் இனி என்னோடு பேசாமலே இருந்துவிடுவாரோ என்ற பயம்தான்.

திங்கட்கிழமை ரத்தம் கொடுக்க வந்த கூட்டம் கலைந்ததும் ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனேன். அக்கா பயன்படுத்திய ஊசிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று வாக்கியம் தயார் செய்திருந்தேன். என் நோக்கம் நல்லது, எல்லாரும் அன்பில்தான் ஜெபித்தார்கள், ஆன்ட்டி அப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. மூன்றும் உண்மை. ஒன்றும் வாயில் வரவில்லை.

"அக்கா, சொல்லாதன்னு சொன்னீங்க. நான் சொல்லிட்டேன். ஊரு பேரு வரைக்கும் எழுதுனேன். மத்தவங்களோட ஆளுகள விட என் ஆளுக்குத்தான் கஷ்டம் பெருசுன்னு பெருமையா இருந்துச்சு."

"எத்தன பேரு?"

"குரூப்புல நாப்பத்தி மூணு."

"நாப்பத்தி மூணா?" அக்கா பெட்டியைக் கீழே வைத்தார். "அந்த மனுசன் மொகத்தப் பாத்துப் பேசுற ஆளே ஊருல பத்துப் பேரு இருக்க மாட்டாக. நாப்பத்தி மூணு பேரு அவரு திரும்பி வரணும்னு கேக்குறாகளா?"

சிரிக்கலாமா என்று தெரியவில்லை. சிரிக்கவில்லை. நல்லவேளை, அவரும் சிரிக்கவில்லை.

"அன்னைக்கி பஸ்ஸுல எல்லாரும் பாவின்னியே, அதுல நீயும் உண்டா?"

"உண்டுங்க்கா."

"அப்பறம் ஏன் என்னைய மட்டும் பாத்துச் சொன்ன?"

நான் மேசை மேல் கிடந்த ரப்பர் பட்டையைச் சுருட்டினேன்.

"சரி, சொல்லு. இப்ப இதுக்கு ஒங்க சாமி ஒன்னைய என்ன செய்யும்?"

குறிப்பேடு இல்லாமல் நான் கடவுளைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. கோர்வையாக வரவில்லை. "அவருக்குத் தெரியும்க்கா. நான் அந்த அட்டைய எழுதுறப்பவே தெரியும். பரவாயில்லன்னு விடல. அது தப்புதான்னு தீர்ப்புச் சொல்லிட்டு, அதுக்கு நான் வாங்க வேண்டிய அடிய அவரு வாங்கிக்கிட்டாரு. அதுக்குப் பெறகும் என்னைய வேணாம்னு தள்ளல. அது மட்டும் இல்லாட்டி இன்னைக்கி இந்தக் கதவத் தொறந்து உள்ள வர எனக்குத் தைரியம் இருந்திருக்காது."

அக்கா ஊசிப் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். "நீ செஞ்சது எனக்கு. என்னையக் கேக்காம அவரு எப்பிடி மன்னிப்பாரு?"

"ஒங்களக் கேக்கத்தான் அனுப்பிவிட்டுருக்காரு."

"வாய்க்கு மட்டும் ஒரு கொறச்சலும் இல்ல." ஆனால் குரல் சற்றே இறங்கியிருந்தது. "அந்த நாப்பத்தி மூணு பேரு முன்னாடியும் நின்னு, இத நான் சொல்லியிருக்கக் கூடாதுன்னு சொல்லு. சொல்லிட்டு வா. அதுக்கு முன்னாடி எங்கிட்டப் பேசாத."

சனிக்கிழமை கூட்டத்தில் மேடையேறி நின்றேன். கடவுளின் அன்பைப் பற்றி அந்த மேடையில் நான் எத்தனையோ முறை மளமளவென்று பேசியிருக்கிறேன். என் தப்பை ஒவ்வொரு வார்த்தையாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் அண்ணன் எழுந்தார். "அந்த அட்டைய நான் வாசிச்சிருக்கக் கூடாது. வாசிச்சதும் தப்பு, குரூப்புல போட்டதும் தப்பு" என்று சொல்லிவிட்டு அட்டையைக் கிழித்தார். பின்வரிசையில் வார்டனின் மூலநோயை எழுதியிருந்த தம்பி ஓசைப்படாமல் எழுந்து வந்து, தன் அட்டையை மேசையிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அன்பை முதலில் சொல்வதா, பாவத்தை முதலில் சொல்வதா என்று அண்ணனோடு இன்றைக்கும் வாதாடுகிறேன். அவர் கட்சி சரியாகவே இருக்கலாம். என் சந்தேகம் வேறு. அன்பு பெற்றவள் என்ற அடையாளமே என் முகத்தில் இல்லாமல், அதை வீடுவீடாக விநியோகம் செய்யப் புறப்பட்டவள் நான். பாவி என்ற சொல்லையும் எதிரில் இருப்பவருக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்தேன். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எதை முதலில் சொன்னாலும் தயிர்ச்சோற்றுக்கு நடுவில் 'சந்தோஷம்'தான் பதில்.

திங்கட்கிழமை மதியம் அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

"இனிமே எனக்காக ஜெபிக்கிறாங்களாம். என் வாய்க்காக."

அக்காவுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தார். "அதுக்கு நாப்பத்தி மூணு பேரு பத்தாதுடி."

மறுபடி சோற்றில் கை வைத்தார். பிறகு டிபன் பாக்ஸிலிருந்து நிமிராமலே கேட்டார்: "அன்னைக்கி, நீ வாங்க வேண்டிய அடிய அவரு வாங்கிக்கிட்டாருன்னியே. அது என்ன கத? முழுசாச் சொல்லு. ஆனா ஒன்னு. நேசிக்கிறாருன்னு ஆரம்பிச்ச, பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிருவேன்."