புரட்டவில்லை, ஆள் இல்லை

கறார் அக்கா என்றால் அந்த ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன்வரைக்கும் தெரியும். பத்தொன்பது வருட நர்ஸ் வேலையில் அவள் வாங்கிய ஒரே பட்டம் அதுதான். ஆனால் அந்தக் கறாரும் ஒரு விஷயத்தில் பதினெட்டு வருடம் பொய் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

பக்கவாதம் வந்து அசைய முடியாமல் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஒருவரைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். அவள் வார்டில் முப்பத்திரண்டு கட்டில், இரண்டே நர்ஸ். ஊசி போடுவார்களா, மருந்து கொடுப்பார்களா, புரட்டுவார்களா? ஆள் கேட்டு எழுதிய மனுக்களுக்கெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில். அப்படி என்னதான் பரிசீலிப்பார்களோ, வருடக்கணக்கில்! ஆகவே டியூட்டி முடியும்போது, புரட்டிய நேரம் குறிக்கும் சார்ட்டில் எல்லாக் கட்டத்திலும் மடமடவென்று டிக் அடித்துவிட்டுப் போவார்கள். எல்லா வார்டிலும் அதே கதைதான்.

போன வருடம் ஒரு நோயாளியின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். டாக்டர் சார்ட்டைப் பார்த்துவிட்டு, "ஒழுங்காப் புரட்டியிருக்கீங்களே சிஸ்டர், அப்புறம் எப்படி?" என்று நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். டிக் எல்லாம் அவள் கையால் போட்டது. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து, புரட்டாத நேரத்துக்கெல்லாம் 'புரட்டவில்லை, ஆள் இல்லை' என்று எழுத ஆரம்பித்தாள்.

வந்தது வினை. இந்த மாதம் ஒரு நோயாளியின் மகள் அதைப் படித்துவிட்டாள். "எங்கப்பாவைப் புரட்டலைன்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க! வெட்கமா இல்ல?" என்று வார்டே அதிரக் கத்திவிட்டுப் புகார் கொடுத்தாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கறார் அக்காவுக்கு மெமோ வந்தது: கடமை தவறியதற்காக ஏன் வேலைநீக்கம் செய்யக் கூடாது?

வீட்டில் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஊரோட ஒத்துப் போக வேண்டியதுதானே? ஒரு டிக் அடிச்சா கை தேய்ஞ்சா போயிடும்?"

"அந்த முதுகை நீங்க பார்த்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க. சும்மா இருங்க!"

விசாரணை காலை பதினோரு மணிக்கு. நிர்வாக அதிகாரி மூன்றாம் வார்டின் சார்ட்டுகளை மேஜையில் பரப்பினார். ஒரு கட்டம் பாக்கியில்லாமல் டிக். "இங்கேயும் ரெண்டு நர்ஸ்தான். இவங்களால முடியுது, உங்களால மட்டும் ஏம்மா முடியல?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனையும் பொய் என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. ஆனால் அந்த டிக் போட்டவள் அவளோடு ஒரே பெஞ்சில் நர்சிங் படித்த தோழி; சாட்சியாக வரவழைக்கப்பட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சொன்னால் தோழியின் வேலை போகும், சொல்லாவிட்டால் தன் வேலை போகும்.

தோழிதான் எழுந்தாள். "அவளை ஏன் சார் கேக்குறீங்க? அந்த டிக் எல்லாம் பொய். நான்தான் போட்டேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ உங்க மேலயும் விசாரணை வைக்கணும். ரெண்டு பேரும் சாயங்காலம்வரைக்கும் இங்கேயே இருங்க."

கறார் அக்காவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "தாராளமா இருக்கோம் சார். நாங்க இங்க உட்கார்ந்திருக்கிறதால அங்க இப்போ வார்டுக்கு ஒருத்திதான் இருக்கா. ஒருத்தியால யாரையும் புரட்ட முடியாது. இன்னிக்குச் சார்ட்ல என்ன எழுதணும்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க!" என்று பேனாவை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் பேனாவைத் தொடவில்லை. "சரி சரி, இப்போதைக்கு வார்டுக்குப் போங்க."

மெமோவும் ரத்தாகவில்லை, ஆளும் வரவில்லை. பன்னிரண்டு மணிக்குப் புரட்ட வேண்டியவர்கள் இரண்டு வார்டிலுமாக ஒன்பது பேர். இருவரும் படியில் இறங்கி ஓடினார்கள்.