அக்காவின் மரம், தம்பியின் மண்

லொயிசோஸுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. முப்பது வருடம் வனத்துறையில் தீக்காவல் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர், மறுவாரமே ஒரு வேலை பிடித்துக்கொண்டார். எங்கள் ஊர்க் கோயிலில் தொடங்கி, ட்ரூடோஸ் மலைச்சரிவைச் சுற்றிக் கோயிலுக்கே திரும்பும் நடைபாதையில் சனிக்கிழமைதோறும் ஆட்களைக் கூட்டிப்போய் மரம் காட்டுவார். சம்பளம் கிடையாது, பெருமை உண்டு.

மரத்தின் பெயரை முதலில் சொல்லமாட்டார். "கண்ண மூடிட்டுத் தொடுங்க," என்பார். இலையின் அடிப்பக்கம் மஞ்சள் வெல்வெட்டாக இருந்தால் பொன் ஓக். சிவந்த பட்டை உச்சிவெயிலிலும் சில்லென்றிருந்தால் அந்த்ருக்லியா. கசக்கும்போது பிசின் வாசம் அடித்தால் த்ரெமித்தியா, அதன் காயைத்தான் நாங்கள் ரொட்டியில் போடுகிறோம்.

வட்டம் மட்டும் முடியவில்லை. கடைசி நாற்பது தப்படி லொயிசோஸின் சொந்த நிலம். நடுவில் பெரிய கரோப் மரம். நிலம் அவருடையது, மரம் அவருடைய அக்கா மரிக்குவுடையது. அப்பா அப்படிப் பிரித்துக் கொடுத்தார். எங்கள் பக்கம் மண் ஒருவருக்கு, மரம் இன்னொருவருக்கு என்பது சகஜம்தான். பத்து வருடத்துக்கு முன் டிராக்டருக்கு வழிவிட, அக்காவைக் கேட்காமல் மரத்தில் கை வைத்துவிட்டார் லொயிசோஸ். "என் நிலத்துலதான இருக்கு" என்று பேசியும் விட்டார். அத்தோடு போனது அக்காவின் பேச்சு. செப்டம்பரில் மரிக்கு வருவார், கோலால் காய் தட்டுவார், சாக்கைக் கட்டிக்கொண்டு தம்பி முகம் பாராமல் போவார்.

மரத்துக்காரி சம்மதமில்லாமல் மரத்தடியில் பாதை விட லொயிசோஸுக்கு மனம் வரவில்லை. கடைசியில் எல்லாரையும் தார் ரோட்டில் இறக்கிவிடுவார்.

"வட்டப்பாதைன்னு பலகை வேற," என்பார் காப்பிக்கடை பாம்பிஸ். "ரோட்டுல எந்த மரத்தக் காட்டுற, கரண்டு கம்பத்தையா? போய் அக்காகிட்ட ஒரு வார்த்த கேளுய்யா."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?"

பாதிரியாரைத் தூது அனுப்பிப் பார்த்தார் லொயிசோஸ். "வெட்டுனது பாதிரியாரா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார் மரிக்கு.

போன செப்டம்பரில் லிமசோலிலிருந்து ஒன்பது ஆசிரியைகள் வந்திருந்தார்கள். நடை முடியும் நேரம், நிலத்தில் மரிக்கு காய் தட்டிக்கொண்டிருந்தார். லொயிசோஸ் வழக்கம்போல ரோட்டுப் பக்கம் திரும்பினார். கால் போகவில்லை. இவ்வளவு வயதாகியும் அக்காவிடம் பயமா என்று தன்மேலேயே கோபம் வந்தது. எல்லாரையும் கல்வேலி ஓரம் நிறுத்தினார்.

"இது கரோப் மரம்," என்றார். "மண்ணு என்னோடது. மரம் எங்க அக்காவோடது. அவங்களக் கேக்காம ஒரு கிளைய வெட்டிட்டேன். தப்புதான். அப்பலேர்ந்து எங்க அக்கா என்கூடப் பேசறதில்ல."

கோல் நின்றது. மரிக்கு திரும்பவில்லை.

"ஒண்ணு இல்ல. ரெண்டு கிளை."

"ரெண்டு," என்றார் லொயிசோஸ். அறுபத்தொரு வயது மனிதர், வந்தவர்கள் முன்னால் வெட்கமில்லாமல் அழுதார்.

"வந்தவங்கள வெயில்ல நிறுத்திட்டு என்னடா அழுக?" என்றார் மரிக்கு. "நிழலுக்குக் கூட்டிட்டு வா. காய மிதிக்காம வரச் சொல்லு."