கடற்கோட்டைக் காவலர்

ஊர்காவற்துறைக் கரையில் வள்ளம் ஏறியபோது எனக்கு எட்டு வயது. காக்கி உடையோடு அப்பா எனக்கு முன்னால் இருந்தார். கடலுக்கு நடுவே நின்ற பழைய கோட்டை அப்போது சிறைச்சாலை. அப்பா அங்கே காவலர். ஒருநாளாவது அதைப் பார்க்கவேண்டும் என்று நான் பிடித்த அடத்தைத் தாங்கமுடியாமல், சாமான் ஏற்றிய வள்ளத்தில் என்னையும் கூட்டிப்போனார்.

உள்ளே பாசி பிடித்த சுவர்கள், உப்பும் மூத்திரமும் கலந்த வாடை. எழுபத்தோராம் ஆண்டு தெற்கில் அரசுக்கு எதிராக நடந்த கிளர்ச்சியில் பிடிபட்ட சிங்களப் பொடியன்களை அங்கே அடைத்திருந்தார்கள். வாளி சுமந்துபோன ஒருவன் என்னைக் கண்டு நின்று, "நங்கி" என்று சிரித்தான். தங்கச்சி என்று கூப்பிட்டிருக்கிறான். அது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அப்பா பொல்லால் அவன் முதுகில் அடித்தார். வாளித் தண்ணீர் என் காலில் ஊற்றுண்டது. வீட்டில் பூனையைக்கூட அதட்டாத மனிதர். பயந்துபோனேன். ஆனாலும் திரும்பி வரும்போது, என் அப்பா பெரிய ஆள் என்ற பெருமை மனதுக்குள் இருந்தது. இன்றைக்கு நினைக்க உடம்பு கூசுவது அந்தப் பெருமையால்தான்.

பின்னாளில் என் தம்பியை இராணுவம் பிடித்துக்கொண்டுபோய் அடித்தது. முகாம் வாசலில் அப்பா நாள்கணக்காக நின்றார். அவனை வெளியே எடுத்த பிறகு கனடாவுக்கு வந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் மல்வேர்ன் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் தம்பி பட்ட அடியை அப்பா சொல்லுவார். தன் உத்தியோகத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும், "கவர்மென்ற் வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஒரு பனிக்கால மாலை, எலிவேற்றரில் எங்களோடு ஏறிய ஒருவர் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவந்த சிங்களவர். தயங்கித் தயங்கித் தமிழில் கேட்டார்: "ஐயா, கடல் கோட்டையில இருந்தது... நீங்கள்தானே?"

"இல்லை," என்றார் அப்பா. "நீங்கள் ஆரையோ நினைக்கிறியள்."

"மன்னிக்க வேணும் ஐயா," என்றுவிட்டு அவர் இறங்கிப் போனார். மன்னிப்புக் கேட்டது அவர். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன்: "அப்பா, அண்டைக்கு வாளியோட நிண்ட பொடியனோ உவர்?"

"தெரியாது பிள்ளை." சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். "எத்தினை பேருக்கு அடிச்சிருப்பன். ஒருத்தன்ர முகமும் எனக்கு ஞாபகமில்லை. அவனுக்கு என்ர முகம் ஞாபகமிருக்கு."

அதன்பிறகு எலிவேற்றரை விட்டு, முழங்கால் நோவோடு படிகளால் ஏறி இறங்கத் தொடங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சவரம் செய்து, தோய்த்த சேட்டுப் போட்டுக்கொண்டு, என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியே அந்தச் சிங்களவர் வீட்டுக்குப் போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"நான்தான் எண்டு சொன்னனான்."

"அதுக்கு என்ன சொன்னவர்?"

"தெரியும் எண்டார். உள்ள வந்து இருங்கோ, தேத்தண்ணி குடிப்பம் எண்டார். அவரின்ர மனுசி கதிரையை இழுத்து விட்டவ."

"இருந்தனீங்களோ?"

"எப்பிடிப் பிள்ளை இருக்கிறது?"

அதற்குப் பிறகு தம்பி பட்ட அடியைப் பற்றி அப்பா யாரிடமும் பேசவில்லை. அடுத்த கோடையில் அந்தக் குடும்பம் பிறம்ரன் நகரத்துக்கு வீடு மாறியது. யாரும் கூப்பிடாமலே அப்பா கீழே போய்ப் பெட்டிகளைத் தூக்கினார். நான் மேலே ஜன்னலில் நின்று பார்த்தேன். பாரமான பெட்டியொன்றை அந்த மனிதர் ஓடிவந்து வாங்கப் பார்த்தார். அப்பா கொடுக்கவில்லை. வாசலில் நின்ற வான் வண்டிவரை அதைத் தானே சுமந்துகொண்டு போனார்.