மஞ்சக் காருக்குப் பூக்கேட்டது

எங்க ஊட்டுக்கு அந்த மஞ்சக் காரு வந்து எறங்குன அன்னைக்கு, பக்கத்தூட்டுக்காரம்மா ஒரு சுத்து சுத்திப் பார்த்துப்போட்டு, "ஏனுங்கக்கா, மீதி எப்ப வருதுங்க?"ன்னு கேட்டா. எகத்தாளமெல்லாம் இல்லீங்க, நெசமாலுமே கேட்டா. மேல்பாதி பொறகால வேற லாரியில வருதாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டா. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஊட்டுக்காரி நானே கேட்டா நல்லாருக்காதுன்னு வாயை மூடிட்டு இருந்தேன்.

இதை எழுதறது எம்பட பேத்தி, பையனோட மக. நான் சொல்றேன், அவ எழுதறா. எனக்கு எழுத்துன்னா லாரி நம்பரு கூடப் படிக்கத் தெரியாது, கலரைப் பார்த்துத்தான் நம்ம வண்டி வருதுன்னு கண்டுபுடிப்பேன். போன வாரம் இவ போனுல என்னமோ படிச்சுட்டு இருந்தா. பந்தயக் காரு செய்யற பெரிய கம்பெனிக்காரங்க ஒசரமான குடும்பக் காரும் செய்யலாமா, செய்யக்கூடாதான்னு ஒலகம் பூராச் சண்டை போட்டுக்கறாங்களாம். எனக்குச் சிரிப்புத் தாங்கல. "அட சாமி, அதை நாம அம்மங்கிட்டயே கேட்டு முடிச்சுட்டமே, இவங்க இன்னுமா பேசிட்டு இருக்காங்க?"ன்னேன். "அப்பச் சொல்லுங்க ஆத்தா, எழுதறேன்"ன்னுட்டா.

எம்பட பையன் சங்ககிரியில லாரி ஆபீசு வெச்சிருக்கான். இன்னைக்குத்தான் சேருல உக்காந்திருக்கான், பதினெட்டு வயசுல கிளீனரா ஏறுனவன். அஸ்ஸாமு, குஜராத்துன்னு அவன் போகாத ஊரு இல்ல. அவங்கூடப் படிச்சவங்க எல்லாம் பொண்டாட்டி மூஞ்சியப் பார்த்துட்டு இருந்த வயசுல, இவன் டீசல் டேங்கைப் பார்த்துட்டு இருந்தான். அப்படிப்பட்டவன் போன வருசம் பெங்களூருல ஆரோ ஒரு பணக்காரரு ஓட்டிச் சலிச்சு வித்த காரை வாங்கிட்டு வந்தான். அதுவும் ஓட்டிட்டு வரல, லாரியில ஏத்திட்டு வந்தான். கேட்டா, "ரிட்டன் லோடும்மா, வண்டி சும்மா திரும்பக்கூடாது"ங்கறான்.

காரு எங்க இடுப்பு ஒசரங்கூட இல்ல. ரெண்டே சீட்டு. நான் ஆசையா முன்னால மூடியத் தொறக்கச் சொல்லிப் பார்த்தேன். உள்ள வெறும் குழி. ஒரு கூடைத் தக்காளி வெக்கலாம், அவ்வளவுதான். "ஐயையோ, எஞ்சினைக் கழட்டிட்டு வித்து ஏமாத்திப்போட்டாங்களே சாமி!"ன்னு நான் போட்ட சத்தத்துல நாலூட்டு ஆளுங்க ஓடியாந்துட்டாங்க. அப்பறந்தான் சொல்றான், எஞ்சினு பொறகால இருக்குதாம். எஞ்சினைப் பொறகால வெச்சு, தக்காளிய முன்னால வெச்சு, ஆளுங்களை நடுவால படுக்க வெச்சு ஒரு வண்டி! செஞ்சவனுக்கு ஊட்டுல என்ன கஷ்டமோ.

மருமகளுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகல. அதுக்குக் காரணம் இருக்குதுங்க. நாமக்கல்லுல ஒரு கல்யாணம். பட்டுச் சேலை, தலை நெறையப் பூவு, அத்தனையும் வெச்சுட்டு அந்தக் காருல போயிருக்கா. மண்டபத்து வாசல்ல நாயனம் ஊதறாங்க, பன்னீரு தெளிக்கறாங்க. இவ கதவைத் தொறந்து ஒரு காலை வெச்சா மறு காலு வர மாட்டேங்குது. கடேசில ரெண்டு கையையும் ரோட்டுல ஊனி வெளிய வந்திருக்கா. ஊட்டுக்கு வந்து அழுவறா: "அத்தை, சம்பந்தியூட்டு ஆளுங்க முன்னால நாலு கால்ல எறங்குனேனுங்க. பன்னீருக்காரன் எம் முதுகு மேல தெளிச்சுப்போட்டானுங்க."

நான் சிரிச்சிருக்கக்கூடாது. சிரிச்சுட்டேன்.

அதுக்கப்பறம் அவ போனுல தேடிக் கண்டுபுடிச்சா, அதே கம்பெனிக்காரன் இப்ப ஒசரமான காரும் செய்யறானாம். அஞ்சு பேரு போலாம், படியேறி எறங்கற மாதிரி எறங்கலாம். பழசைக் குடுத்துட்டு அதை எடுத்துக்கலாம்னு கடைக்காரன் சொல்லியிருக்கான். அதைக் கேட்டதும் எம் பையனுக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

"அந்தக் கம்பெனி மானத்தையே வித்துப்போட்டாம்மா. பந்தயக் குதிரை விக்கறவன் எருமை விக்கலாமா?"

"ஏன் விக்கக்கூடாது? குதிரை பால் கறக்குமா?"ன்னு நான் கேட்டேன்.

"அது வேறம்மா."

"என்னடா வேற? நாமக்கல்லுல லாரிக்குப் பாடி கட்டற பட்டறையிலதான் பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் கட்டறாங்க, தண்ணி வண்டிக்கும் கட்டறாங்க. அவங்க மானம் எங்கயாச்சும் போச்சா? பட்டு நெய்யறவங்க துண்டு நெய்ஞ்சா தறி கோவிச்சுக்குமா?"

மருமக உள்ளருந்து, "அப்படிக் கேளுங்க அத்தை!"ன்னா. நான் அப்ப முழுசா அவ பக்கந்தான். எம் முழங்காலுக்கு அந்தக் குழிக்குள்ள எறங்கற வயசா இது?

ஒரு வாரம் ஊட்டுல ரசத்துக்கு உப்பு இல்ல. இவனும் உப்பில்லாத ரசத்தைக் கேட்டு வாங்கிக் குடிச்சான். அப்பறம் நாந்தான் சொன்னேன், கொலதெய்வத்துகிட்டப் பூக்கேட்டுரலாம்னு. தண்ணிக்குப் போரு போடறதுக்குக் கேக்கறோம், பொண்ணு எடுக்கறதுக்குக் கேக்கறோம், காருக்கு ஏன் கேக்கக்கூடாது? ரெண்டு பூவைத் தனித்தனிப் பொட்டணமாக் கட்டி வெச்சு ஒண்ணை எடுக்கறது. வெள்ளை அரளி வந்தா குள்ளக் காரு இருக்கட்டும். செவ்வரளி வந்தா குடுத்துப்போட்டு ஒசரக் காரு எடுக்கோணும். ரெண்டு பேரும் கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுனாங்க. சத்தியம் பண்ணையில எம் பையன் மூஞ்சி, பள்ளிக்கூடத்துல பெயிலான அன்னைக்கு இருந்தாப்பலயே இருந்துச்சு.

கோயிலு வெண்ணந்தூருப் பக்கம் காட்டுக்குள்ள. எதைப் பத்திப் பூக்கேக்கறமோ அதையும் கொண்டு போகோணும்னு பூசாரி சொல்லிட்டாரு. மூத்தவ நாந்தான் அதுல உக்காந்து வரோணும்னு மருமக சொல்லிட்டா. அது அவ சூழ்ச்சி. எம் முழங்காலே அவளுக்குச் சாட்சி.

ஏத்துனது ஒரு கதை. "பொறகால திரும்பி உக்காருங்கம்மா, தலையைக் குனிங்க, இப்பக் காலைத் தூக்குங்க"ன்னு எம் பையன் லோடு ஏத்தற மாதிரியே சொல்றான். தொப்புனு உழுந்தேன். சீட்டு என்னையப் புடிச்சுக்கிச்சு. முன்னால எங்க குட்டியானை போச்சு, அதாங்க, அந்தச் சின்ன லோடு வண்டி. அதுல டிரைவரு, பக்கத்துல மருமக, பொறகால பொங்கப் பானையோட இந்தப் பேத்தி. எதுக்கு அதுன்னா, வேகத்தடை வந்தா காரோட அடிவயிறு இடிக்கும். குட்டியானை நிக்கும், டிரைவரு லாரிப் பலகை ரெண்டை எறக்கிச் சரிவாப் போடுவான், காரு மெதுவா ஏறி எறங்கும், மறுபடி பலகையை ஏத்திக்குவாங்க. ஆட்டையாம்பட்டிப் பக்கம் பள்ளிக்கூடத்து முன்னால மூணு வேகத்தடை வரிசையா. ஊரே வேடிக்கை பார்க்குது.

பலகை சரியா உழுவுதான்னு எறங்கி நின்னு பார்த்தது ஆருன்னு நெனக்கறீங்க? எம் மருமகதான். பட்டுச் சேலைய இடுப்புல சொருகிட்டு, "லெப்ட்டுல சித்த அக்கட்ட, ஆ, வரட்டும், வரட்டும்"ங்கறா. "ஏஞ் சாமி, அது நடுவழியில நின்னாத்தான் உனக்கு நல்லது?"ன்னு கேட்டேன். "வேண்டாமுங்க அத்தை. காரு வராம நின்னு நான் செயிச்சதா இருக்கப்படாது. அம்மன் சொல்லிச் செயிச்சதா இருக்கோணும்"ன்னா. அவ அப்படிப்பட்டவ. இதை நல்லா எழுது சாமி.

ஆனா அதுக்கு முந்தியே, சேலம் ரோட்டுல போகையில, ஒரு காரியம் நடந்து போச்சுங்க. ரோடு வழவழன்னு இருந்துச்சு. பையன் ஒரு மிதி மிதிச்சான். எம் முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. ரோடு அப்படியே எம் மடிக்கு அடியில ஓடுது! நான் கெணத்துல குதிச்ச வயசுல கூட அப்படிக் கத்தினதில்ல. பக்கத்துல ஒரு பெரிய லாரி. அதோட சக்கரம் எங்க தலைக்கு மேல சுத்துது. இத்தனை வருசம் லாரிக்காரன் ஊட்டுல சோறு தின்னும், லாரிக்கு அடியில என்ன இருக்குதுன்னு அன்னைக்குத்தான் பார்த்தேன். அந்த டிரைவரு மேலருந்து எட்டிப் பார்த்து, "அண்ணா, ஊர்ந்துட்டா போறீங்க?"ன்னு கத்தறான். எம் பையன் அவனைப் பார்த்துச் சிரிக்கறான். சின்னப் புள்ளையா இருக்கையில சிரிச்ச சிரிப்பு அது. நான் மறந்தே போயிருந்தேன்.

"ஏண்டா கண்ணு, எதுக்குடா இந்தக் குள்ளக் காரு?"ன்னு கேட்டேன்.

"முப்பது வருசம் மேல உக்காந்தே ரோட்டைப் பார்த்தேம்மா. எல்லாம் சின்னதாத் தெரியும். ஒரு தடவ கீழ உக்காந்து பார்க்கோணும்னு இருந்துச்சு. ஒசரக் காரு வாங்குனா மறுபடி லாரியில ஏறுன மாதிரிதாம்மா."

அவ்வளவுதான் சொன்னான். அப்பறம் வேகத்தடை வந்துருச்சு.

கோயிலுக்குப் போயிச் சேர்ந்தோம். என்னால எறங்க முடியல. பையன் ஒரு கையைப் புடிச்சு இழுக்கறான், டிரைவரு ஒரு கையை இழுக்கறான், முழங்காலு பூட்டிக்கிச்சு. மருமக இடுப்புல கையை வெச்சுட்டு எம் முழங்காலையே பார்த்துட்டு நின்னா. சொல்ல வேண்டியது என்ன இருக்குது? "விடுங்க, நான் இங்கயே இருக்கறேன்"னுட்டேன். கதவைத் தொறந்து வெச்சுட்டுப் பொங்கலு வெக்கப் போயிட்டாங்க.

அன்னைக்கு வேற ஊரு ஆளுங்களும் சாமி கும்புட வந்திருந்தாங்க. எனக்கு மூத்த கெழவி ஒருத்தி, கண்ணு மங்கலாட்ட இருக்குது, எம் முன்னால நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டா. மஞ்சத் தேருல புதுச் செலை வெச்சிருக்காங்கன்னு நெனச்சுட்டா. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள எம் மடியில ரெண்டு வாழப்பழத்தை வெச்சுட்டா. அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்து காரு மூக்குல குங்குமம் வெச்சா. வெயிலு வேற, பசி வேற. ஒரு பழத்தை உரிச்சுத் தின்னேன். "ஆத்தா பழம் திங்குது! ஆத்தா பழம் திங்குது!"ன்னு அந்தக் கெழவி கத்தி ஊரைக் கூட்டிப்போட்டா. பூசாரி ஓடியாந்து, "அது சங்ககிரிப் பெரியம்மாங்க, எறங்க முடியாம இருக்காங்க"ன்னு சொல்றதுக்குள்ள எனக்கு மாலையே போட்டாச்சு. இன்னொரு பழத்தை நான் திங்கல. மரியாதை வேணுமில்ல.

பூக்கேக்கற நேரம் வந்துச்சு. சின்னப் புள்ளைங்கதான் பொட்டணம் எடுக்கறது வழக்கம். அன்னைக்கு எங்க கூட்டத்துல சின்னப் புள்ளை இல்லை, இந்தப் பேத்தியும் வளந்துட்டா. அப்ப மூத்தவ எடுக்கோணும்னு சொல்லிட்டு, பூசாரி அம்மன் காலடியில வெச்ச ரெண்டு பொட்டணத்தையும் காருகிட்டயே கொண்டு வந்தாரு. வாழையெலையில சுத்தி நாருல கட்டுனது. கைக்கு ஒண்ணா நாரைப் புடிச்சுத் தொங்க விட்டுட்டு, "எடுங்க ஆத்தா"ன்னாரு.

எல்லாரும் நின்னுட்டு இருந்தாங்க. அவங்களுக்குப் பொட்டணத்தோட தலைதான் தெரியும். நான் கீழ உக்காந்திருந்தேன். எனக்கு அடி தெரிஞ்சுது. இடது கைப் பொட்டணத்துல எலை சித்தத் தொறந்திருந்துச்சு. அதுக்குள்ள செவ்வரளி.

பேத்தி எழுதறதை நிறுத்திட்டு என்னையப் பார்க்கறா. எழுது சாமி. அம்மனுக்குத் தெரியாததா என்ன? உங்கம்மாளுக்கு மட்டும் படிச்சுக் காட்டாத.

கண்ணை மூடிட்டு எடுக்கலாம்னுதான் பார்த்தேன். மூடுனா உள்ள சிவப்பாத்தான் தெரியுது. மருமகளைப் பார்த்தேன். பலகை போட்ட மண்ணு அவ சேலைக்கரையில இருக்குது. பையனைப் பார்த்தேன். அவன் அம்மனைப் பார்க்கல, என்னையப் பார்க்கல, காரு கதவை ஒரு வெரலால தடவிட்டு நிக்கறான். அதைப் பார்த்திருக்கக்கூடாது.

வலது கைப் பொட்டணத்தை எடுத்தேன்.

பூசாரி பிரிச்சாரு. வெள்ளை. எம் பையன் குனிஞ்சான். காலுல உழுவலாம்னு பார்த்தான். எங்காலு காருக்குள்ள எங்கயோ முன்னால நீட்டிட்டு இருக்குது. அதைத் தேடி மண்ணுல மல்லாக்கப் படுத்து உள்ள கையை உட்டு, அங்கருந்து "அம்மா"ன்னான். வண்டி ரிப்பேரு பார்க்கறவனாட்டவே இருந்தான். மருமக அம்மனைப் பார்த்து ஒரு கும்புடு போட்டா. "சரிங்க, அம்மன் சொல்லிட்டா"ன்னு மொணங்காம சொன்னா பாருங்க, எனக்கு நெஞ்சுல ஒரு குத்து. அம்மங்கிட்டத் தனியாச் சொல்லிட்டேன், 'பார்த்தது நானு, எடுத்தது நானு, அவனை ஒண்ணும் பண்ணிராத, இருக்கற முழங்காலு வலியோட இன்னுஞ் சித்த வேணாக் குடு'ன்னு.

அதனால போனுல சண்டை போடறவங்களுக்கு நான் சொல்றது என்னன்னா, அந்தக் கம்பெனிக்காரன் ஒசரக் காரு செய்யட்டுங்க, தாராளமாச் செய்யட்டும். எம் மருமகளாட்ட நேரா நடந்து வந்து நேரா ஏறோணும்ங்கறவங்களும் ஒலகத்துல இருக்காங்க, அவங்களுக்கும் நல்ல காரு வேணும். ஆனா ஒசரம் நல்லா விக்குதுன்னு குள்ளத்தை நிறுத்திப்போடாதீங்க. அதை ஆரு வாங்குவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. அதுல ஆரு சிரிப்பாங்கன்னும் தெரியாது.

திரும்பி வாரப்பவும் நான் எறங்கல. எறங்கி ஏறறதுக்கு உக்காந்தே போயிரலாம்னு இருந்துட்டேன், கழுத்துல மாலையோட. காட்டுப் பாதையில எம் பையன் கல்லுக்குக் கல்லு பார்த்து, நத்தையாட்ட உருட்டறான். பொறகால ஆரன் சத்தம். குட்டியானை. டிரைவரு பக்கத்துல மருமக, ஒசரத்துல, சாமியாட்ட உக்காந்திருக்கா. எங்களை ஒட்டி வந்ததும் தலையை வெளிய நீட்டி, "ஏனுங்க, பந்தயக் காருக்காரரே, சித்த ஓரம் போறீங்களா? எங்களுக்கு ஊட்டுல வேலை கெடக்குது!"ன்னா.

பையன் ஓரங் கட்டுனான். அவ எங்க மேல புழுதியப் பூராக் கொட்டிட்டு, கையாட்டிட்டு முந்திப் போயிட்டா.